முழு இழுப்பில வில் ஏன் ஆடுது? முன்னுக்குப் பாரம் போட்டா நிக்குமா?

நடுங்குகை | 2025 மே 11, இரவு 9.05

ரிகேர்வ் வில் (முனை வெளியில வளைஞ்ச வகை). 25 அங்குல ரைசர் (நடுவில கை பிடிக்கிற துண்டு), மீடியம் லிம்ப் (மேலயும் கீழயும் வளையிற ரெண்டு துண்டு), கூட்டினா 68 அங்குலம். லிம்பில 30 இறாத்தல் எண்டு அடிச்சிருக்கு. வில் ஆடாம இருக்க முன்னுக்கு நீட்டிப் பூட்டுற முன்கம்பி 28 அங்குலம், நுனியில 3 அவுன்ஸ். 18 மீற்றரில 80 செ.மீ. இலக்குத் தாளுக்கு அம்பெல்லாம் நடு மஞ்சள், அதைச் சுத்தின சிவப்புக்குள்ள போகுது. அதே தாளை 30 மீற்றருக்குக் கொண்டுபோனா குறிமுள்ளு (வில்லில பூட்டியிருக்கிற, குறி பாக்கிற முள்ளு) ஒரு இடத்தில நிக்கிற பாட்டில்ல.

எண்ட முடிவு: முன்னுக்குப் பாரம் காணாது. இன்னும் 4 அவுன்ஸ் போட்டா நிக்கும். மறுப்பிருந்தா சொல்லுங்க.

வாவிக்கரை | மே 11, இரவு 9.48

மறுப்பிருக்கு. பாரத்தைக் கடைசியாப் பாப்பம், முதல்ல கணக்கு.

குறிமுள்ளு கண்ணில இருந்து கிட்டத்தட்ட 90 செ.மீ. தள்ளி நிக்குது. 80 செ.மீ. தாளில மஞ்சள் வட்டம் 16 செ.மீ. அகலம். 18 மீற்றரில அந்த மஞ்சள், முள்ளு நிக்கிற இடத்தில 8 மி.மீ. 30 மீற்றரில 5 மி.மீ. கூட இல்ல. அப்ப உங்கட ஆட்டம் கூடயில்ல, மஞ்சள்தான் சுருங்கிப்போச்சு. 18இல ஆடினதும் இதே ஆட்டம்தான், கண்ணுக்குத் தெரியயில்ல.

அடுத்தது, முள்ளு நிக்கத்தான் வேணும் எண்டு ஆர் சொன்ன? உயிருள்ள கை ஆடும். தசை இறுகி நிக்கும்போது செக்கனுக்கு 8இல இருந்து 12 தரம் வரை வாற சின்ன நடுக்கம் எல்லாருக்கும் இருக்கு, ஒலிம்பிக் போறவங்களுக்கும் இருக்கு. மஞ்சளுக்குள்ள மெதுவா மிதந்து திரியிற முள்ளை மிதக்க விடுங்க. அது கூடுதலான நேரம் நடுவிலதான் திரியும், அதால அம்பும் கூடுதலா நடுவிலதான் போகும். நிறுத்தப் பாத்தா கை இறுகும், இறுகினா நடுக்கம் கூடும்.

எப்பிடி ஆடுது எண்டு சொல்லுங்க. மேல கீழயா, பக்கத்துக்குப் பக்கமா, படபடவெண்டா, இல்லாட்டி விடுற நேரத்தில மட்டும் வெட்டிக் குதிக்குதா? நாலுக்கும் நாலு காரணம்.

அக்கரை காக்கா | மே 11, இரவு 10.20

தம்பி சொல்றதிலயும் ஒரு நியாயம் இரிக்கி. வெறும் ரைசரை விட பாரம் போட்ட வில் ஆடாதுதானே. ஒரேயடியா மறுக்காதீங்க.

வாவிக்கரை | மே 12, காலை 5.35

காக்கா, ஓம். ஆனா எங்க போடுற எண்டதில இரிக்கு விசயம். வில்லைத் திருப்ப எவ்வளவு கஷ்டம் எண்டது பாரத்தை மட்டும் பொறுத்ததில்ல, தூரத்தின்ட வர்க்கத்தையும் பொறுத்தது. 10 அங்குலத்தில இருக்கிற 1 அவுன்சை 30 அங்குலத்துக்குக் கொண்டுபோனா அது 9 மடங்கு எதிர்ப்புக் குடுக்கும். தோளில இழுக்கிற சுமை 3 மடங்குதான் கூடும். நீளக் கம்பியில கொஞ்சப் பாரம் போடுறது அதுக்காகத்தான்.

ஆனா அந்த 3 மடங்கைத் தூக்கப்போறது வில்லுப் பிடிக்கிற தோள். தோள் ஏற்கனவே களைச்சிருந்தா 4 அவுன்ஸ் போட்ட முதல் பத்து அம்பு அழகா நிக்கும், இருபதாவது அம்பில முள்ளு கீழ வழியத் தொடங்கும். ஒரு அவுன்ஸ் கூட்டுங்க, அதாவது 28 கிராம். 30 அம்பு அடிச்சு கடைசி ஆறைப் பாருங்க. முதல் ஆறைப் பாத்து முடிவெடுக்க வேணாம்.

நடுங்குகை | மே 12, மாலை 6.50

பின்னேரம் ஒருத்தரை நிப்பாட்டி ஃபோனில எடுத்துப் பாத்தன். ரெண்டு விதமா ஆடுது. அங்கர் வச்ச உடன, அதாவது இழுத்த கை நாடியில (தாடையில) வந்து தொட்ட உடன, நல்லா நிக்குது. நாலஞ்சு செக்கன் போக, படபடவெண்டு சின்னதா நடுங்குது. மறுகா மெல்ல மெல்லக் கீழ இறங்குது. பக்கவாட்டில பெருசா இல்ல.

வாவிக்கரை | மே 12, இரவு 8.15

அப்ப சந்தேகம் இறாத்தலில. உங்கட இழுப்பு நீளம் எவ்வளவு?

லிம்பில அடிச்சிருக்கிற எண் 28 அங்குல இழுப்புக்கு உரியது. அந்த 28 அளக்கிறது அம்பு வாலில நாண் கிடக்கிற நொக் பள்ளத்தில இருந்து பிடியின்ட ஆழமான இடம் வரைக்கும், அதோட 1¾ அங்குலம் கூட்டி. அம்பு நீளத்தை அளந்து போட்டா கணக்கு பிழைக்கும். இந்த வகை லிம்புக்கு ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறத்தாழ 2 இறாத்தல் கூடும், குறையும்.

செய்யிற முறை: அம்பை மாட்டி அங்கர் வரை இழுங்க. பக்கத்தில நிக்கிறவர் பிடியின்ட ஆழமான இடத்துக்கு நேர அம்பில பேனையால ஒரு கோடு போடட்டும். மெதுவா இறக்குங்க, நாணை விட்டுப்போடாதீங்க. நொக்கில இருந்து கோடு வரை அளந்து 1¾ கூட்டுங்க. முன்னுக்கு அம்பு குத்துற வைக்கோல் கட்டு இருக்கவேணும், ஆளுட கை அம்பு முனைக்கு முன்னால வரப்படாது.

மீன் நிறுக்கிற தொங்கு தராசு இருந்தா இன்னும் நல்லம். நாணில கொளுவி, கோடு வாற வரைக்கும் இழுத்துப் பாருங்க. கிலோவை 2.2ஆல பெருக்கினா இறாத்தல்.

நடுங்குகை | மே 13, இரவு 7.30

27¾ வந்திச்சு. 1¾ கூட்டினா 29½. தராசு 15 கிலோ காட்டுது.

வாவிக்கரை | மே 13, இரவு 7.52

15 கிலோ எண்டா 33 இறாத்தல். 30 எண்டு நினைச்சுக்கொண்டு ஒவ்வொரு அம்புக்கும் 33 பிடிச்சிருக்கிறீங்க. 60 அம்பு அடிச்சா 180 இறாத்தல் உபரிக் கூலி, சம்பளம் இல்லாம.

லிம்ப் போல்ட் திருகிற ரைசர் எண்டா ரெண்டு போல்டையும் ஒரே அளவு வெளியில விடுங்க, ஒண்டு முக்கால் சுத்து எண்டா மற்றதும் முக்கால் சுத்து. மொத்தமா 10 சதவீத அளவுக்குத்தான் இறாத்தலை மாத்தலாம், கம்பனி சொன்ன எல்லையத் தாண்டி விடவேணாம், லிம்ப் கழண்டு வரும். திருகின பிறகு நாணுயரம் (இழுக்காத நாணுக்கும் பிடிக்கும் இடையில உள்ள தூரம்) மாறியிருக்கும். 68 அங்குல வில்லுக்கு 8½க்கும் 9க்கும் இடையில இருக்கவேணும். குறைஞ்சா நாணைக் கழட்டி முறுக்கு ஏத்துங்க. ரில்லரையும் ஒருக்கா பாருங்க: மேல் லிம்ப் பக்கத்து இடைவெளி கீழ் லிம்பை விட 3இல இருந்து 6 மி.மீ. கூட இருந்தாப் போதும்.

காணாட்டி 26 இறாத்தல் லிம்ப் ஒரு சோடி இரவல் வாங்குங்க. வெக்கப்பட ஒண்டுமில்ல. கைக்கு அடங்குற இறாத்தலா எண்டு பாக்கிற லேசான வழி இருக்கு: வில்லை இலக்குக்கு நேர நீட்டி, மேல தூக்காம, உடம்பைப் பின்னுக்கு வளைக்காம நேர இழுங்க. வானத்தைப் பாத்து இழுத்துக்கொண்டு கீழ இறக்கிறவர் ஆராக இருந்தாலும் வில் அவருக்குக் கூட.

எலும்பும் நரம்பும் | மே 13, இரவு 9.10

முள்ளு கீழ இறங்குறதுக்கு இறாத்தல் மட்டும் காரணமில்ல. வில்லுத் தோள் மேல ஏறிக் காதோட ஒட்டுதா எண்டு பாருங்க. அங்கர் வைக்கும்போது கீழ இருக்கும், களைக்கக் களைக்க ஏறும். ஏறின தோளைக் கழுத்துத் தசை பிடிச்சிருக்கு, அது நிண்டு பிடிக்கிற தசையில்ல. கீழ இருக்கிற தோளைக் கமக்கட்டுக்குக் கீழ விலாவோட ஒட்டிக் கிடக்கிற தசை பிடிக்கும். அது களைக்காது எண்டில்ல, மெதுவாக் களைக்கும்.

சுவரோட நிண்டு பழகலாம். கையை நீட்டி உள்ளங்கையைத் தோளுயரத்தில சுவரில வையுங்க. முழங்கை மடங்கப்படாது. உடம்பைச் சுவர் பக்கம் சாய விடுங்க, தோள்பட்டை எலும்பு முதுகு நடுவுக்கு வழுக்கும். மறுகா கையை மடக்காம உடம்பைச் சுவரில இருந்து தள்ளுங்க, எலும்பு விலாவைச் சுத்தி முன்னுக்குப் போகும். அந்தத் தள்ளின நிலைதான் வில்லுத் தோள் நிலை. 10 தரம், ரெண்டு சுற்று, இரு பக்கமும்.

அதே நிலையில உள்ளங்கை அசையாம முழங்கையின்ட உள்மடிப்பு மட்டும் நேர நிக்கிற மாதிரி திருப்பிப் பழகுங்க. நாண் கையில அடிக்கிறதும் குறையும்.

தோளுக்கு முன்பக்கம் கூரா நோவு வந்தா நிப்பாட்டுங்க. களைப்பு வேற, நோவு வேற.

அக்கரை காக்கா | மே 14, காலை 6.05

முதுகால இழு, முதுகால இழு எண்டு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு தோள்பட்டையையும் சேத்து நெரிச்சா வில்லுக் கை உள்ளுக்கு வந்திருது. இதை ஆரும் தெளிவாச் சொல்லுங்க.

வாவிக்கரை | மே 14, பகல் 12.40

ரெண்டையும் நெரிக்கப்படாது, காக்கா. இழுக்கிற பக்கத்துத் தோள்பட்டை மட்டும் முதுகெலும்புப் பக்கம் போகும். வில்லுப் பக்கத்துத் தோள்பட்டை இருந்த இடத்தில இருக்கும், இலக்குப் பக்கம் நீளும். மேல இருந்து பாத்தா வில்லுக் கை, ரெண்டு தோள் எல்லாம் ஒரே கோட்டை நெருங்கி நிக்கும், இழுக்கிற முழங்கை அம்புக்கு நேர பின்னால போய் நிக்கும். முழங்கை அந்தக் கோட்டுக்கு வெளியில நிண்டா முழு இறாத்தலையும் மேற்கையும் முன்கையும் சுமக்கும். படபடவெண்டு நடுக்கம் அங்க இருந்துதான் வாறது. பக்கத்தில இருந்து பாத்தா முழங்கை அம்பை விட ஒரு துளி மேல. கீழ இறங்கினா பிழை.

இதை ஃபோன் வீடியோவில பாக்கிறதெண்டா கமராவைப் பின்னுக்கு, தலைக்கு மேல வைக்கவேணும். பக்கத்தில வச்சா எல்லாம் சரி மாதிரித்தான் தெரியும்.

மணிக்கட்டும் புறங்கையும் தளர்வு. நாண், ஆட்காட்டி விரலிலயும் நடுவிரலிலயும் முதல் மூட்டு மடிப்பில கிடக்கட்டும். நடுவிரல் கூடுதலாத் தாங்கும், ஆட்காட்டி அடுத்தது, மோதிர விரல் சும்மா துணை. விரல் நுனியால பிடிச்சா நாண் வழுக்கிப்போயிடுமோ எண்டு கை இறுகும். ஆழமாக் கொக்கி போட்டா கை தளரும்.

கல்முனை லிம்ப் | மே 14, இரவு 8.30

வில்லைப் பிடிக்கிற கை பற்றி ஒருத்தரும் பேசயில்லையே. நம்மட பக்கம் பாதிப்பேர் கூத்தில அருச்சுனன் வில்லைப் பிடிக்கிற மாதிரி ஐஞ்சு விரலாலயும் பொத்திப் பிடிக்கிறாங்க. களரியில அது அழகு, வில் பறிபோகாது. மைதானத்தில அம்பு பறிபோகும்.

பிடி, கட்டைவிரல் அடிச் சதையில அமரவேணும். உள்ளங்கை நடுக்கோட்டைத் தாண்டிப் போகப்படாது. விரல் கணுக்கள் செங்குத்தா இல்லாம 45 பாகை சரிவில. மற்ற விரல்கள் சும்மா மடிஞ்சிருக்கும். விட்டாப்பிறகு வில் முன்னுக்குப் பாயவேணும். பாஞ்சா விழுந்திடும் எண்டு பயந்துதானே எல்லாரும் பொத்துறது, அதுக்கு விரல் கயிறு போடுங்க. சப்பாத்து லேஸ் ஒண்டை 50, 60 செ.மீ. வெட்டி, ரெண்டு முனையிலும் சுருக்குப் போட்டு, ஒரு சுருக்கைக் கட்டைவிரலில, மற்றதை ஆட்காட்டி விரலில மாட்டி, கயிறு வில்லுக்கு முன்னால சுத்திப் போற மாதிரி. இறுக்கமா இருக்கப்படாது, ஒரு விரல் உள்ள போற அளவு தொய்வு. கடையில வாங்கத் தேவையில்ல.

நடுங்குகை | மே 14, இரவு 9.00

அருச்சுனன் குருவியின்ட கண்ணை மட்டும் பாத்தானாமே. அப்ப நான் பாக்கவேண்டியது முள்ளையா, மஞ்சளையா?

கல்முனை லிம்ப் | மே 14, இரவு 9.12

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில அருச்சுனன் தவநிலை பாத்த ஆக்களுக்குத் தெரியும், அந்தாள் பாசுபதம் கேட்டுத் தவம் இருந்தவர். நாம கேக்கிறது ஒரு பத்து.

மஞ்சளைப் பாருங்க. முள்ளு மங்கலாத் தெரியட்டும்.

வாவிக்கரை | மே 14, இரவு 10.05

இதில ஒரு சேர்க்கை. முள்ளை உத்துப் பாத்தா அதின்ட ஒவ்வொரு அசைவும் பெருசாத் தெரியும், கை அதைத் திருத்தப் போகும், திருத்தம் ஆட்டத்தைக் கூட்டும். இலக்கைப் பாத்தா முள்ளு தானா நடுவுக்கு வரும். கண்கூர்மை எவ்வளவு வேணும் எண்டு கேட்டா, கொரியாவின்ட இம் டொங்-ஹியுனைப் பாருங்க. பார்வை மிகக் குறைவு, தூர இலக்கு அவருக்கு நிறத் திட்டுகள் மாதிரித்தான் தெரியும் எண்டு சொல்லப்பட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக் தரவரிசைச் சுற்றில 72 அம்புக்கு 699 எடுத்து உலக சாதனை வச்சார். 2016 ரியோ ஒலிம்பிக்கில கொரியாவின்ட கிம் வூ-ஜின் 700 எடுத்து அதைத் தாண்டினார், 2019இல அமெரிக்காவின்ட பிராடி எலிசன் 702 எடுத்து அதையும் தாண்டினார்.

கண்ணை விட முக்கியம், கண்ணுக்குக் கிட்ட மங்கலாத் தெரியிற நாண் நிழல். அது ரைசரின்ட ஒரே விளிம்பில ஒவ்வொரு அம்புக்கும் நிக்கவேணும். நிழல் நகந்தா தலை திரும்பியிருக்கு, அம்பு இடம் வலமாப் போகும். அதே மாதிரி அங்கர் 1 மி.மீ. மேல கீழ போனா, 18 மீற்றரில கிட்டத்தட்ட 2½ செ.மீ., 70 மீற்றரில 10 செ.மீ. வித்தியாசம் வரும். முள்ளு எவ்வளவு அசையாம நிண்டாலும் நாடி வேற இடத்தில இருந்தா அம்பு வேற இடம்தான். ஆட்டத்தைப் பற்றிக் கவலைப்படுற நேரத்தில பாதியை அங்கருக்குக் குடுங்க.

எலும்பும் நரம்பும் | மே 15, காலை 6.20

மூச்சு. வில்லைத் தூக்கும்போது உள்ள எடுங்க, இழுக்கும்போது பாதி விடுங்க, அங்கரில நிப்பாட்டுங்க. நெஞ்சு நிறைய மூச்சோட நிண்டா தோள் ஏறும், இதயத் துடிப்பு முள்ளில தெரியும். முழுக்க விட்டிட்டு நிண்டா சீக்கிரம் திணறும்.

வாவிக்கரை | மே 15, இரவு 8.00

நேரம். உங்கட வீடியோவில நல்லா நிண்டது முதல் நாலஞ்சு செக்கன் எண்டீங்க. அம்பு போகவேண்டியது அந்த இடைவெளிக்குள்ளதான். அங்கர் வச்சு 2இல இருந்து 4 செக்கனில விட்டா நல்லம். 6 செக்கன் தாண்டினா இறக்குங்க, 8ஐத் தாண்டி விட்ட அம்பு நல்லாப் போனாலும் அது பழுதான பழக்கம். தனியாள் போட்டியில மாறி மாறி அடிக்கும்போது ஒரு அம்புக்கு 20 செக்கன் தாறாங்க, ஒருக்கா இறக்கித் திரும்ப இழுக்க அது காணும். இறக்கிறதைப் பழகாத ஆள் ஆடிக்கொண்டே விடுவார். பயிற்சியில ஆறு அம்புக்கு ஒண்டை வேணுமெண்டே இறக்குங்க.

இறக்கும்போது வில்லை இலக்கில இருந்து எடுக்காம, இழுத்த பாதையால திரும்ப வரவேணும். களைச்சுப்போய் நாணை வெறுமனே விட்டா லிம்ப் வெடிக்கும், ஆளுக்கும் படும்.

நடுங்குகை | மே 16, இரவு 9.15

தாங்கிப் பிடிக்கிற பயிற்சி 30 செக்கன் இழுத்துப் பிடிச்சு 60 செக்கன் ஓய்வு, அப்பிடியே அரை மணித்தியாலம் எண்டு படிச்சன். ரெண்டு தரத்திலயே கை விட்டுப்போச்சு.

வாவிக்கரை | மே 16, இரவு 9.50

அது கிசிக் லீ முறை. கொரியா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா அணிகளைப் பழக்கினவர், அவருட ஆக்கள் நாளுக்கு நூற்றுக்கணக்கில அடிக்கிற ஆக்கள். உங்கட தோளுக்கு அது இப்ப வேணாம். இப்பிடிச் செய்யுங்க.

வைக்கோலுக்கு 3 மீற்றர் முன்னால நில்லுங்க. அம்பு மாட்டித்தான், வெறும் நாணில இல்ல. தாள் வேணாம், முள்ளும் வேணாம். இழுத்து அங்கரில 10 செக்கன் பிடிச்சு இறக்குங்க, 20 செக்கன் ஓய்வு. ஆறு தரம். 3 நிமிசம் இருந்திட்டு இன்னும் ஆறு. கிழமைக்கு மூணு நாள், இடையில ஒரு நாள் விட்டு. அடுத்த கிழமை 12 செக்கன், ஓய்வு 24. 20 செக்கன் சுத்தமா வந்த பிறகு 30ஐப் பற்றி யோசியுங்க.

நிப்பாட்டுற அடையாளம் எண்ணிக்கையில்ல: வில்லுத் தோள் ஏறினா, நாடி நாணைத் தேடிப் போனா, இடுப்பு முன்னுக்குத் தள்ளினா அந்தத் தரத்தோட முடிஞ்சுது. கெட்ட நிலையில பிடிச்ச 30 செக்கன் கெட்ட நிலையைத்தான் உறுதியாக்கும்.

எலும்பும் நரம்பும் | மே 16, இரவு 10.30

எதிர்ப்பக்கமும் செய்யுங்க. வலக்கை இழுக்கிறவர் இடக்கையாலயும் இறப்பர் பட்டியை இழுக்கவேணும், முதுகு ஒரு பக்கம் முறுகாம இருக்க. பழைய சைக்கிள் டியூப் போதும், வெடிப்பு இல்லையா எண்டு பாத்து எடுங்க, முகத்தில அடிக்கும். முழங்கையை விலாவோட ஒட்டி வச்சு முன்கையை வெளிப்பக்கம் திருப்புறது 15 தரம், ரெண்டு சுற்று. தோள்மூட்டுக்கு இதை விட நல்ல காப்பு இல்ல.

அக்கரை காக்கா | மே 18, மாலை 5.40

கொம்பவுண்ட் (கப்பி பூட்டின வில்) அடிக்கிற ஆக்களும் வாசிக்கிறாங்க, ரெண்டு சொல்லு. 50 இறாத்தல் வில்லில முழு இழுப்பில 75 சதவீதம் விட்டுக்குடுக்கும், கையில நிக்கிறது 12½ இறாத்தல்தான். அப்பிடியும் முள்ளு ஆடினா இறாத்தலைப் பாக்காதீங்க, இழுப்பு நீளத்தைப் பாருங்க. அரை அங்குலம் நீளமா வச்சிருந்தா ஆள் பின்னுக்குச் சாய்வார், முள்ளு பெரிய வட்டம் போடும். பின்சுவரில (அதுக்கு மேல நாண் இழுபடாத இடத்தில) சாஞ்சு தூங்காம தொடர்ந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டு நில்லுங்க.

சாக்குப்போக்குச் சொல்ற ஆக்களுக்கு ஒண்டு: மட் ஸ்டட்ஸ்மன் எண்ட அமெரிக்கருக்குக் கை ரெண்டும் இல்ல. காலால வில்லைத் தள்ளி, தோளில கட்டின கருவியால நாணைப் பிடிச்சு அடிக்கிறார். 2024 பரிஸ் பராலிம்பிக்கில தனியாள் கொம்பவுண்ட் தங்கம் அவருக்குத்தான்.

கல்முனை லிம்ப் | மே 19, காலை 7.15

கால் பற்றியும் சொல்லவேணும். கடற்கரை மணலில நிண்டு பழகிற ஆக்கள் இரிக்காங்க. மணலில குதி புதையும், ஒவ்வொரு அம்புக்கும் நிலை மாறும், இடுப்பு ஆடும், முள்ளு பக்கவாட்டில ஓடும். ஒரு பழைய பலகையைப் போட்டு நில்லுங்க, கால் வைக்கிற இடத்தைக் கோடு போட்டு வையுங்க. தோள் அகலத்துக்குப் பாதம், பாரம் ரெண்டு காலிலயும் பாதி பாதி, குதியை விட முன்பாதத்தில ஒரு துளி கூட. முழங்கால் பூட்டாம நேர.

காற்று. காலம்பற ஆறில இருந்து எட்டரை மட்டும் நல்லம். வெயில் ஏற கடல்காற்று எழும்பும். ஆனி, ஆடியில கச்சான் அடிக்கத் தொடங்கினா மேற்கால வாற சூட்டுக்காற்று, கை வேர்த்து நாண் வழுக்கும். காற்றில முள்ளு தள்ளுப்பட்டா அதோட மல்லுக்கட்டாதீங்க. காற்று சீரா இருந்தா தள்ளுப்படுற அளவுக்கு மறுபக்கம் குறி வச்சு வழமையான நேரத்தில விடுங்க. விட்டு விட்டு அடிச்சா இறக்கிட்டு ஓயும் வரை நில்லுங்க.

வாவிக்கரை | மே 19, இரவு 8.20

மேல சொன்னதோட ஒண்டு, இது பகிடியில்ல: வாவியைப் பாத்தோ கடலைப் பாத்தோ இலக்கு வைக்கவேணாம். தோணிக்காரர் எந்த நேரமும் வருவினம். 30 இறாத்தல் வில்லில மேல நோக்கிப் போன அம்பு 150 மீற்றரைத் தாண்டும். வைக்கோலுக்குப் பின்னால மண்திட்டு இல்லாட்டி அங்க அடிக்கவேணாம். வயல் பக்கம் எண்டா மாடு நிக்குதா எண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் பாருங்க.

நடுங்குகை | மே 24, இரவு 8.45

போல்டை விட்டு 31 இறாத்தலுக்குக் கொண்டுவந்தன். விரல் கயிறு கட்டினன். படபடப்பு நல்லாக் குறைஞ்சிருக்கு. இப்ப புதுப் பிரச்சினை. முள்ளு மஞ்சளுக்குள்ள மிதக்குது, கிளிக்கர் (அம்பு முழுக்க இழுபட்டதும் முனையைத் தாண்டி 'கிளிக்' எண்டு விழுற தகடு) விழப்போற நேரத்தில வெட்டென்று ஒரு குதி. சில நேரம் கிளிக்கர் விழ முந்தியே விரல் விட்டிடுது.

வாவிக்கரை | மே 24, இரவு 9.30

ரெண்டு சாத்தியம். ஒண்டு, கிளிக்கர் கூடப் பின்னுக்கு இருக்கு. அங்கர் வச்சு நிலை முழுமையான பிறகு அம்புமுனை கிளிக்கருக்குள்ள 2 மி.மீ. மிஞ்சியிருக்கவேணும். 5, 6 மி.மீ. மிஞ்சியிருந்தா அதைக் கடக்கத் தலையை நாணை விட்டு எடுப்பீங்க, இல்லாட்டி வில்லுக் கை சுருங்கும். கிளிக்கரை ஒரு மி.மீ. ஒரு மி.மீ.யா முன்னுக்குத் தள்ளி, மூணாவது செக்கனில விழுற இடத்தில நிப்பாட்டுங்க. காலம்பற உற்சாகத்தில வைக்காதீங்க, 40 அம்பு அடிச்ச பிறகு வையுங்க.

மற்றது டார்கெட் பேனிக். முள்ளு மஞ்சளைத் தொட்டா கை தானா விடும், இல்லாட்டி மஞ்சளுக்குக் கீழயே முள்ளு ஒட்டிக்கொண்டு ஏறாது. பிரிச்சறிய வழி: தாளைக் கழட்டிட்டு 3 மீற்றரில வெறும் வைக்கோலுக்கு அடியுங்க. அங்கயும் குதிச்சா கிளிக்கர். அங்க அமைதியா இருந்து தாளைக் கண்டா குதிச்சா பேனிக்.

பேனிக் எண்டா ரெண்டு கிழமை தாள் இல்லை. 3 மீற்றர், கண்ணை மூடி. ஒவ்வொரு அம்பிலயும் ஒரு விசயம் மட்டும்: இழுக்கிற தோள்பட்டை நகந்துகொண்டே இருக்குதா. மறுகா 5 மீற்றரில பெரிய தாள். கிளிக்கர் விழுந்தும் விடாம இறக்கிற பயிற்சியையும் சேருங்க, பத்துக்கு மூணு. கிளிக்கர் விட அனுமதிதான், கட்டளை இல்ல.

கல்முனை லிம்ப் | மே 24, இரவு 9.55

2024 பரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் தனியாள் இறுதியில கிம் வூ-ஜின்னும் எலிசனும் கடைசி ஒற்றை அம்பில ரெண்டு பேரும் பத்து. நடுவில இருந்து கிம்மின்ட அம்பு 55.8 மி.மீ., எலிசனிட அம்பு 60.7. ஐஞ்சு மி.மீ. கூட இல்லாத வித்தியாசத்தில தங்கம். அந்த நேரம் ரெண்டு பேருட முள்ளும் ஆடியிருக்கும்தான், ஆனா கிளிக்கர் விழ முந்தி விடயில்ல.

நடுங்குகை | மே 27, இரவு 7.40

வெறும் வைக்கோலிலயும் குதிச்சிது. கிளிக்கர்தான். 3 மி.மீ. முன்னுக்குத் தள்ளினன், சரி. கடைசியா ஒண்டு: வேர்வையில ஃபிங்கர் டாப் (நாண் இழுக்கிற விரலுக்குப் போடுற தோல்) நாணோட ஒட்டுது, கிளிக்கர் தகட்டிலயும் துரு.

அக்கரை காக்கா | மே 27, இரவு 8.25

டாப்பில நாண் படுற தோலை உலர்ந்த துணியால துடைச்சு, கொஞ்சம் டல்கம் பவுடரைத் தேய்ச்சு உதறுங்க. ரெண்டு டாப் வச்சிரிக்கிறது நல்லம், ஒண்டு காயும் வரை மத்தது. தோல் பள்ளம் விழுந்து கறுத்தா மாத்துங்க, நாண் அந்தப் பள்ளத்துக்குள்ள சிக்கித்தான் வெளியேறும்.

துருவுக்குக் கடற்காத்துத்தான் காரணம். மெல்லிய உப்புத்தாளால தேய்ச்சு, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டுத் துணியில தடவித் துடைங்க. தகடு வளைஞ்சிருந்தா சத்தம் மங்கும், புதுசு போடுங்க. அந்தத் துணியால நாணைத் தொடாதீங்க, நாணுக்குத் தேன்மெழுகு மட்டும்தான். பூட்டின காருக்குள்ள வில்லை வெயிலில விட்டுட்டுப் போகவும் வேணாம், லிம்பின்ட பசை இளகும்.